அரை லிட்டர்

செவ்வாய், வியாழன், சனி.
ஹவ்காங்கில் புளோக்கின் அடியில்
லிஃப்டுக்கு எதிர்க் கதவுக்குள்
பன்னிரண்டு நாற்காலிகள். என்னுடையது ஒன்பது.
நான்கு மணி நேரம் என் இரத்தம்
வெளியே நடந்துவிட்டு வரும்.

பக்கத்தில் ரொகாயா. அவளுக்குப் பதினோரு வருடம்,
எனக்கு ஏழு மாதம்.
ஊசி இறங்கும்போது இருவரும்
தொலைக்காட்சியையே பார்ப்போம்,
அதில் எது ஓடினாலும்.

சபையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள்.
எனக்கு ஆகாது, பொட்டாசியம். நர்ஸிடம் கொடுத்தேன்.
"உன் திராணிக்கு மேலே தரமாட்டார், சலோமி"
என்றார் துரைசிங்கம் அண்ணன்.
திராணி!
இருந்தால் வா என்று
சண்டைக்காரன் கூப்பிடுகிற சொல்.

இரவில் அந்த இடத்தைத் தேடிப் படித்தேன்.
அங்கே நோயே இல்லை.
விக்கிரக விருந்து, இச்சை, வழியில் விழுந்துபோனவர்கள்.
தப்புக்கு இழுக்கிற சோதனை அது.
நமக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்:
இரத்தத்துக்குச் சோதனை, பள்ளியில் சோதனை,
உட்லண்ட்ஸ் செக்பாயின்டில் பெட்டிக்கும் சோதனை.
ஒரே வீட்டில் இத்தனை குடித்தனம் இருந்தால்
கடிதம் தப்பான கதவைத்தான் தட்டும்.
எழுதியவரே அடுத்த நிருபத்தில்
பலத்துக்கு மிஞ்சிப் பாரம் ஏறிற்று,
பிழைப்போம் என்ற நினைப்பே போயிற்று என்கிறார்.
அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

எங்கள் குளிர்பெட்டியிலும் ஒரு வசனம்,
காந்தம் வைத்தது.
நல்ல நினைவுகள், எதிர்பார்க்கும் முடிவு.
முடிவு என்றால் ஆஸ்பத்திரியில்
எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள்.
தூசி தட்டி, மேலே இருந்த வரிகளையும் படித்தேன்.
சிறைப்பட்டுப் போனவர்களுக்கு வந்த கடிதம்.
தவணை எழுபது வருடம்.
வாசிக்கக் கேட்டவர்களில் பாதிப்பேர்
அங்கேயே மண்ணாகியிருப்பார்கள்.
வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்,
அந்த ஊர் நன்றாயிருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.
அவ்வளவுதான் அன்றைக்கான செய்தி.

ரொகாயாவிடம் சொன்னேன்.
"ஊர் என்றால் நானும் உண்டா?" என்றாள்.
"ஒன்பதாம் நாற்காலிக்குப் பத்தாம் நாற்காலிதான் ஊர்."
சிரித்ததில் அவள் மெஷின் கூவ,
நர்ஸ் ஓடிவந்தாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் கிருபாவதி இருக்கிறாள்.

பதின்மூன்று வருடம் முன்பு,
உட்லண்ட்ஸில் அவள் புளோக்குக்குக் கீழே
பிளாஸ்டிக் நாற்காலிகள், சுழலும் பெரிய காற்றாடி,
சின்னப் பெட்டி. பையனுக்கு ஆறு வயது.
எல்லாம் நன்மைக்கே என்று
அவள் தலையில் கைவைத்துச் சொன்னது
நான்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
ஆறுதலடைந்தாள் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அந்த வசனம் வரும் அதிகாரத்தைச்
சென்ற வாரம்தான் முழுதாகப் படித்தேன், ஒரு கையால்.
எங்கும் முனகல்.
சிருஷ்டி முனகுகிறது, விசுவாசிகள் முனகுகிறார்கள்,
ஆவியானவருக்கே வார்த்தை வரவில்லை.
எனக்கு மட்டும் வந்திருக்கிறது.

ஞாயிறு, ஆராதனைக்குப் போகாமல்
161 ஏறினேன்.
கதவுக் கம்பிக்குப் பின்னால் அவள். "என்ன?"
"சும்மா."
பூட்டைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தாள்.

மன்னிப்புக் கேட்க
மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன்.
அவற்றிலும் ஒரு வசனம் இருந்தது.
விட்டுவிட்டேன்.
அவள் என் கையைப் பார்த்தாள்,
புடைத்த நரம்பைத் தொட்டாள்.
"உள்ளே என்ன, பூனை மாதிரி உறுமுது?"
"இரத்தம்தான். வழி மாத்திவிட்டிருக்காங்க."

தேநீர் ஊற்றினாள். பாதி போதும் என்றேன்,
நாளுக்கு அரை லிட்டர்தான் கணக்கு.
மீதியைத் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டு
சன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்:
"இந்த வருஷம் என்.எஸ். போயிருப்பான்."

யோபுவின் சிநேகிதர்கள்
ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.
வாய் திறக்கும்வரை நல்லவர்கள்.

கீழே யாரோ கூடைப்பந்து தட்டினார்கள்.
தேநீர் ஆறியது.
அன்றைக்கு எனக்கு
இன்னும் நூற்றிருபது மில்லி மிச்சம் இருந்தது.